கையில் ஒட்டிய சர்க்கரை

எங்கள் பேக்கரியில் பூக்காரி என்று ஒருத்தி இருக்கிறாள். பூ விற்பவள் இல்லை. கேக்கின் மேல் பூப் போடுபவள். கூம்புப் பையில் கிரீமை நிரப்பி, முனையில் உள்ள தகரக் குழலைச் சற்றே சாய்த்துப் பிடித்து, சுழல்மேடையை இடது கையால் தள்ளிக்கொண்டே ஐந்து முறை அழுத்தினால் ஒரு ரோஜா உட்கார்ந்துவிடும். ஆறாவது அழுத்தலுக்கு இலை. கண்ணாடித் தடுப்புக்கு வெளிப்பக்கம் ஆர்டர் எடுப்பவள் நான். எத்தனை கிலோ, என்ன நிறம், யார் பெயரை எழுத வேண்டும் என்று சீட்டில் எழுதி உள்ளே நீட்டுவேன். அவள் அந்தப் பெயரைக் கிரீமில் எழுதுவாள். பதினோரு வருடமாக இந்த ஊரில் பிறந்தவர், மணந்தவர், ஓய்வு பெற்றவர் பெயரையெல்லாம் நான் காகிதத்திலும் அவள் கேக்கிலுமாக எழுதித் தீர்த்திருக்கிறோம். அச்சடித்த மாதிரி இருக்கும் அவள் எழுத்து.

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். சொல்லியாகிவிட்டது. இனி மற்றதைச் சொல்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவள் முழுகாமல் இருந்தாள். ஆறாம் மாதம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. டாக்டரம்மா பொறுமையாக, "இது கர்ப்பத்துல வர்ற சர்க்கரை. கட்டுப்பாடா இருந்தா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. பெரும்பாலும் பிரசவத்தோட போயிடும்" என்றார். அந்த வீட்டார் நாலு பேரும் இதைக் கேட்டார்கள். நாலு பேர் காதிலும் 'குழந்தைக்கு' என்பதும் 'போயிடும்' என்பதும் மட்டும்தான் விழுந்தன. 'பெரும்பாலும்' என்ற சொல் யார் காதிலும் விழாமல் ஆஸ்பத்திரித் தரையிலேயே கிடந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து, பேக்கரி நேரம் போக, பூக்காரிக்கு வீட்டுச் சிறை. வீடு என்றால் முன்னறை, பின்னறை, இடுப்பை வளைத்தால்தான் திரும்ப முடிகிற சமையலறை. மாமியார் அவள் தட்டுக்குக் காவல். ஏசி மெக்கானிக்கான கணவர், ஊரார் வீட்டுச் சுவரில் ஏறும் அதே ஏணியைக் கொண்டுவந்து பிஸ்கட் டப்பாவைப் பரணில் ஏற்றினார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் நாத்தனார் தினமும் காலை எட்டு மணிக்குப் போன் செய்து, "நம்பர் என்ன?" என்று கேட்பாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை. நம்பர் என்ன, அவ்வளவுதான். வங்கியில் கூட முதலில் வணக்கம் சொல்வார்கள்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். மாமியார் பேக்கரி போனில் கூப்பிட்டு, "அவ கிரீமை நக்குறாளான்னு கொஞ்சம் பாத்துக்கம்மா. சொன்னா கேக்க மாட்டா" என்றார். நானும் வெட்கமில்லாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் நக்கவில்லை. நாளெல்லாம் கிரீமில் கிடப்பவளுக்கு அதன் வாசனையே ஆகாது என்பது மாமியாருக்குத் தெரியாது.

சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷின் ஒன்று வாங்கினார்கள். ஒரு நாளைக்கு நாலு முறை விரலைக் குத்தி, எண்ணை நோட்டில் எழுத வேண்டும். கணவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்தார். கட்டத்துக்கு மேலே தலைப்பாக, தன் அழகான கையெழுத்தில் 'பாப்பா' என்று எழுதினார். விரல் அவளுடையது, ரத்தம் அவளுடையது, வலியும் அவளுடையது. தலைப்பு மட்டும் பாப்பாவுடையது. பாப்பா அப்போது ஒரு தேங்காய் அளவுக்குத்தான் இருந்திருக்கும்.

மூன்று மாதம் அந்த வீடே ஒழுங்காக நடந்தது. நான் பொய் சொல்லக் கூடாது, அவர்கள் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். சாயங்காலம் கணவர் அவளை நடக்கக் கூட்டிப்போவார். பெண் குழந்தை பிறந்தது, மூன்றே கால் கிலோ, முழு ஆரோக்கியம். பிரசவத்துக்குப் பிறகு பார்த்தபோது அவளுக்கும் சர்க்கரை இறங்கியிருந்தது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்துச் சொன்னார். குரலில் அலுப்பு இல்லை, அக்கறை இருந்தது. "ஆறு வாரம் கழிச்சு வந்து, திரும்பவும் அந்தக் குளுக்கோஸ் தண்ணி குடிச்சு டெஸ்ட் பண்ணணும். அது நல்லா வந்தாலும் விட்டுடக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கணும். இப்படி வந்தவங்களுக்குப் பின்னாடி நிஜமாவே சர்க்கரை வர வாய்ப்பு அதிகம். மறந்துடாதீங்க."

கணவர் குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டு தலையாட்டினார். மாமியார் குழந்தையின் காது யார் ஜாடை என்று ஆராய்ந்துகொண்டு தலையாட்டினார். நாத்தனார் போட்டோ எடுத்துக்கொண்டே தலையாட்டியதால் அந்தப் போட்டோ ஆடிப்போய்விட்டது. நானும் அங்கேதான் இருந்தேன். குழந்தை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த நர்ஸ் சொன்னதை அந்த அறையில் முழுதாகக் கேட்டவர் அந்த நர்ஸ் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் நோட்டை எடுத்து, கடைசி எண்ணுக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டு, 'முடிந்தது' என்று எழுதினார். பிறகு ஏணியைக் கொண்டுவந்து பிஸ்கட் டப்பாவைப் பரணிலிருந்து இறக்கினார்.

ஆறாவது வாரம் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. போனார்கள். குடும்பத்தோடு போனார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டார்கள், எடை பார்த்தார்கள், அட்டையில் முத்திரை வாங்கினார்கள். குழந்தை அழுத அழுகையில் அம்மாவும் அழுதாள், பாட்டியும் கண்ணைத் துடைத்தாள், வீடு திரும்பினார்கள். ஆறாவது வாரம் வரச் சொன்னார்கள், வந்தாகிவிட்டது. யாருக்கு எதற்கு வரச் சொன்னார்கள் என்ற சில்லறை விவரத்தில் யாரும் மூக்கை நுழைக்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் கணவர், "ஆறாவது வாரமே போய்ப் பாத்தாச்சுங்க, எல்லாம் நார்மல்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. குழந்தை நார்மல்தான்.

மெஷின் மிச்சமாயிற்று. நல்ல பொருள், சும்மா கிடக்கலாமா? முதலில் மாமியார் விரலை நீட்டினார். எண் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அதில் அவருக்கு ஒரு அந்தஸ்து கிடைத்தது. அடுத்த வாரம் நாத்தனார் நீட்டினாள். பிறகு மாடி வீட்டுக்காரர், எதிர் வீட்டுத் தையல்காரர், வழியில் போன இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று வரிசை நீண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வயிற்றோடு எல்லோரும் அந்த முன்னறையில் வந்து உட்கார்வார்கள். பூக்காரி ஊசி மாற்றி ஊசி மாற்றிக் குத்துவாள். அவள் குத்தினால் வலிக்காது என்று பெயர். கை அப்படி. கணவர் அதே நோட்டில் புதுக் கட்டங்கள் போட்டு எழுதுவார். அம்மா, அக்கா, மாடி வீடு, தையல். எண் கூடிவந்தால் பூக்காரி விரலை ஆட்டிக் கண்டிப்பாள். "போன வாரமே சொன்னேன்ல, நடக்கச் சொல்லி. நடந்தீங்களா? முதல்ல டாக்டர்ட்ட போங்க." தையல்காரர் அவள் மிரட்டலுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போய், இன்று மாத்திரையோடு நன்றாக இருக்கிறார். எத்தனை பேரை இவள் காப்பாற்றியிருக்கிறாள் தெரியுமா என்று மாமியார் பெருமை பேசுவார். எல்லாம் முடிந்ததும் பிஸ்கட் தட்டு வரும். சர்க்கரை பார்த்தாகிவிட்டதே, இனி சாப்பிட்டால் என்ன.

அந்த நோட்டில் எல்லோருக்கும் கட்டம் இருந்தது, அவளைத் தவிர. நான் ஒரு முறை கேட்டேன். "எனக்குத்தான் அது போயிடுச்சேக்கா" என்றாள், ஊரை விட்டுப் போன வாடகைக்காரரைச் சொல்வது போல.

போன வருடம் மழை முடிந்த சமயத்திலிருந்து அவள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். இரண்டு லிட்டர் பாட்டில் மதியத்துக்குள் காலி. அப்புறம் அடுத்தது. மணிக்கு ஒரு முறை கழிவறைப் பக்கம் நடை. "தண்ணி நெறையக் குடிச்சா தோலுக்கு நல்லதுக்கா" என்றாள். நான் மறுநாளிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துவந்தேன். என் புத்தி அவ்வளவுதான். அவள் இளைத்தாள். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகி, கழுத்தெலும்பு தெரிந்தது. அதற்கு நாத்தனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "எப்படி இளைச்சேன்னு எனக்கு மட்டும் சொல்ல மாட்டேங்குறா" என்று என்னிடமே வந்து புகார். சாயங்காலமானால் பூக்காரிக்குக் கண் மங்கியது. மூக்குக்கண்ணாடியை மாற்றினாள். மூன்று மாதத்தில் அதுவும் சரியில்லை என்று இன்னொன்று மாற்றினாள். கண்ணாடிக் கடைக்காரருக்கு அளவெடுக்கத் தெரியவில்லை என்று அந்த வீட்டில் ஒருமனதாக முடிவாயிற்று.

பேக்கரிக்குள் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் எங்கள் மாஸ்டர், அடுப்புப் பக்கம் நிற்பவர், தலை சுற்றுகிறது என்று மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆளைப் பார்த்தால் மலை மாதிரி இருப்பார், ஊசி என்றால் ஓடிவிடுவார். பூக்காரி மறுநாள் மெஷினைக் கொண்டுவந்தாள். மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மொதல்ல நீ குத்திக் காட்டு. அப்புறம் பாக்கலாம்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே தன் விரலில் ஒரு குத்துக் குத்தி, ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் தொட்டாள். மெஷின் கொஞ்சம் யோசித்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்றது.

அவள் விரலைத் தூக்கிக் காட்டினாள். காலையிலிருந்து ஐசிங் சர்க்கரை சலித்த கை, நகக்கண் வரை வெள்ளை. "கையில சர்க்கரை ஒட்டியிருக்கு. அதைத்தான் காட்டுது" என்றாள்.

சமையல்கூடமே சிரித்தது. நியாயமான விளக்கம் வேறு. விரலில் சர்க்கரை ஒட்டியிருந்தால் மெஷின் தப்பாகத்தான் காட்டும்; அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் எங்கள் கூட்டத்தில் அவள்தான். அதனால்தான் மாஸ்டரைத் தொட்டிக்குக் கூட்டிப்போய், சோப்புப் போட்டுக் கையைக் கழுவவைத்து, துணியால் ஒற்றி, காயவிட்டு, அதன் பிறகு குத்தினாள். அவருக்கு நூற்று நாலு. மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுப்புக்குப் போனார். அவள் பையை எடுத்துக்கொண்டு ரோஜாவுக்குப் போனாள்.

மாஸ்டர் கையைக் கழுவத் தெரிந்தவள் தன் கையைக் கழுவிவிட்டு ஒரு முறை ஏன் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நானும் சிரித்தேன். என் சிரிப்புதான் சத்தமாக இருந்தது என்று பிறகு மாஸ்டர் சொன்னார்.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு பெரிய ஆர்டர். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிக்கு மூன்றடுக்குக் கேக். பிள்ளைகள் எடுத்துப்போக வந்தபோது நான் பெட்டியைத் திறந்து காட்டினேன். ரோஜாக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருந்தன. பெயர் எழுதிய வரி மேலே தொடங்கிக் கீழே வழிந்து கேக்கின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. மகள் என்னைப் பார்த்து, "இதை யாரு எழுதினது? கண்ணை மூடிட்டு எழுதினாங்களா?" என்றாள். திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

உள்ளே எடுத்துப்போனேன். பூக்காரி தட்டைக் கத்தியால் எழுத்தை வழித்து, மேலே புதுக் கிரீமைப் பூசி மெழுகினாள். திரும்ப எழுதினாள். அதுவும் சாய்ந்தது. மூன்றாவது முறை பையை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். கடைசியில் மாஸ்டர்தான் எழுதினார். அவர் எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது மரியாதை.

தொட்டிக்குப் பக்கத்தில், காலி முட்டை அட்டைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "எழுந்திரு. சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. மெஷின் பையிலதான இருக்கு? என் முன்னாடி பாரு" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "மூணு தடவை பாத்துட்டேன்க்கா. வீட்டுல பாத்ரூமுக்குள்ள. கழுவிட்டுத்தான்."

"எவ்வளவு?"

"முந்நூறுக்குக் கீழ வரவே இல்ல. கையில எதுவும் ஒட்டல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தையல்காரரை மிரட்டி டாக்டர்கிட்ட அனுப்பத் தெரியுது. மெஷின் அவருக்கு உண்மை சொல்லும், உனக்கு மட்டும் பொய் சொல்லுமா? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"போயிடுச்சுன்னு ஊர் பூராச் சொல்லியாச்சேக்கா. இப்பப் போய் இருக்குன்னா, நானே ஏதோ தப்புப் பண்ணி வரவெச்ச மாதிரி ஆயிடும். பேக்கரில வேலை பாக்குறா, வராம என்ன செய்யும்னு அத்தை சொல்லுவாங்க." பிறகு, "இந்தக் கண்ணு போயிட்டா என்ன வேலை செய்வேன்க்கா? எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்" என்றாள்.

அப்போதுதான் அவள் பயத்தின் அளவு எனக்குப் புரிந்தது. கேலி செய்ய எதுவும் கிடைக்காமல் நான் நின்றது என் ஆயுளில் அந்த ஒரு முறைதான். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், எல்லோர் முன்னாலும் பார், ஒளித்துப் பார்த்தது போதும் என்றேன். அவள் சரி என்றாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி என்றேன். அதற்கும் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்த முன்னறை அன்றும் நிறைந்திருந்தது. மாமியார் நாற்காலியில், நாத்தனார் கட்டில் ஓரத்தில், மாடி வீட்டுக்காரர் வாசற்படியில். கணவர் நோட்டும் ஸ்கேலுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஆறரை வயசு மகள் அவர் முதுகில் சாய்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொருவராக நீட்டினார்கள், ஒவ்வொருவராகக் குத்தினாள். அம்மா நூற்று முப்பத்தெட்டு, அக்கா நூற்றுப் பதினெட்டு. என் விரலையும் குத்தினாள். என் எண்ணை நான் சொல்வதாக இல்லை. நாத்தனார் பிஸ்கட் தட்டைக் கொண்டுவந்து பூக்காரிக்குப் பக்கத்தில் வைத்தாள். வழக்கமாக அத்தோடு மெஷின் பெட்டிக்குள் போய்விடும்.

பூக்காரி எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் விழும் சத்தம் வெகு நேரம் கேட்டது. ஈரக் கையைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்து, காயும் வரை விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு புது ஊசி மாட்டித் தன் விரலைக் குத்தினாள்.

மாமியார் அதைப் பார்த்தார். முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"எத்தனை நாள் தள்ளியிருக்கு?" என்றார்.

அந்த வீட்டில் அவள் விரலைக் குத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாத்தனார் கன்னத்தில் கை வைத்து, "அடிப்பாவி, சொல்லவே இல்ல" என்று அவள் தலையைத் தடவினாள். தடவிய கையோடு பிஸ்கட் தட்டைச் சட்டென்று எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கணவரின் காதெல்லாம் சிவந்துவிட்டது. நோட்டைப் புரட்டிப் புதுப் பக்கம் எடுத்து ஸ்கேலை வைத்துவிட்டார். மகள் தலையைத் தூக்கி, "தம்பியா, தங்கச்சியா?" என்றாள். மாடி வீட்டுக்காரர் வாழ்த்துச் சொன்னார். ஐந்து நொடிக்குள் ஒரு குழந்தைக்கு அந்த வீட்டில் இடம், அக்கறை, கட்டம், காவல் எல்லாம் தயார். குழந்தை மட்டும்தான் இல்லை.

"உள்ள யாரும் இல்ல அத்தை" என்றாள் பூக்காரி. "நான் மட்டும்தான் இருக்கேன்."

மாமியாருக்குப் புரியவில்லை. நாத்தனாருக்கும் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு உனக்குப் பாக்குற?" என்று கேட்டாள். வஞ்சகமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே காரணம் தெரியாமல் கேட்டாள். கேட்டுக்கொண்டே பிஸ்கட் தட்டை மடியிலிருந்து எடுத்து, முன்பு இருந்த அதே இடத்தில், பூக்காரியின் பக்கத்தில் வைத்தாள்.

மெஷின் கீச்சென்றது. முந்நூற்று இருபத்தேழு. கணவர் பழக்கதோஷத்தில் எண்ணை எழுதப் பேனாவைத் தூக்கினார், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் தூக்கிய கையோடு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து அந்தத் தட்டை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தேன். வைத்த சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படிதான் வைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கணவரும் வந்தார், நானும் போனேன். ரத்தம் எடுத்து, மூன்று மாதச் சராசரியும் பார்த்தார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் சர்க்கரை நோய். டாக்டரம்மா பழையவர் இல்லை, புதியவர், வயதில் சின்னவர். "இது நேத்து வந்ததில்லை. கர்ப்பத்துல சர்க்கரை இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு டாக்டர். பிரசவத்தோட போயிடுச்சு" என்றார் கணவர்.

"அதுக்கப்புறம் டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணோமே. ஆறாவது வாரமே வந்து பாத்துட்டுப் போனோம். எல்லாம் நார்மல்." சொல்லிவிட்டுப் பழைய பைலைப் பெருமையாக மேசை மேல் வைத்தார். ஆள் அப்படி, ஒரு காகிதத்தைத் தொலைக்க மாட்டார்.

டாக்டரம்மா புரட்டினார். தடுப்பூசி அட்டை இருந்தது, முத்திரை இருந்தது, எடை இருந்தது. "இது குழந்தைக்கு. இவங்களுக்கு எடுத்த ரிசல்ட் எங்க?"

கணவர் பூக்காரியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். "எனக்கு எடுக்கலைங்க. பாப்பாவுக்கு ஊசி போட்டுட்டு வந்துட்டோம்" என்றாள்.

தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் அந்த நர்ஸ் கொடுத்த தாள் இருந்தது. மடித்தபடியே இருந்தது, ஏழு வருடத்தில் யாரும் பிரிக்கவில்லை. டாக்டரம்மா பிரித்து மேசை மேல் நீவிவைத்தார். ஆறாவது வாரம், பிறகு ஒவ்வொரு வருடமும் என்று எழுதி, கீழே பேனாவால் அடிக்கோடு வேறு போட்டிருந்தது. கணவர் அதை இரண்டு முறை படித்தார். அந்த மனிதர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குப் பாவமாக இருந்தது, அதைவிட அதிகமாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அந்த அறையில் என் வாய்க்கும் யோக்கியதை இல்லை. அன்று அந்த நர்ஸ் சொல்லும்போது குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தானே நான்.

கண்ணைப் பற்றித்தான் பூக்காரி முதலில் கேட்டாள். டாக்டரம்மா கண் பிரிவுக்கு அனுப்பி உள்படம் எடுக்கச் சொன்னார். கண்ணின் பின்பக்கம் இரண்டு மூன்று சின்னப் புள்ளிகள் வந்திருக்கின்றன, இப்போதே பார்த்தது நல்லது, வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் பார்க்க வேண்டும் என்றார்கள். இந்த மங்கல் சர்க்கரை ஏறி இறங்குவதால் வருவது, அது கட்டுக்குள் வந்தால் தெளியும், அதுவரை புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். கண்ணாடிக் கடைக்காரரின் மானம் காப்பாற்றப்பட்டது. அவள் மாத்திரையும் மருந்துச் சீட்டுமாக வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். அழுது முடித்துவிட்டு, பேக்கரிக்கு நேரமாகிறது என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமல் நானே போனேன். பிஸ்கட் டப்பா பரணில் இருந்தது. மாமியார் என்னிடம் மெதுவாக, "ரெண்டாவது பெத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், இல்லையாம்மா?" என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

கணவர் புதுப் பக்கத்தில் கட்டம் போட்டு முடித்திருந்தார். அம்மா, அக்கா, மாடி வீடு, தையல் என்று வரிசையாக எழுதிவிட்டு, முதல் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். அதற்கு என்ன தலைப்பு வைப்பது என்று வெகு நேரம் யோசித்தார். யோசித்து, யோசித்து, 'பாப்பா அம்மா' என்று எழுதினார்.

பூக்காரி கையைக் கழுவிவிட்டு வந்து அதைப் பார்த்தாள். பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, அவர் ஸ்கேலையே வைத்து, அந்த இரண்டு சொல்லையும் நேராக ஒரு கோடு இழுத்து அடித்தாள். நோட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், மேலே தன் பெயரை எழுதினாள். இத்தனை வருடத்தில் அவள் எழுதி நான் பார்த்த பெயர்களில், நான் சீட்டில் எழுதிக் கொடுக்காத பெயர் அது ஒன்றுதான். கண் இன்னும் தெளியாததால் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது.

பிறகு விரலை நீட்டித் தானே குத்திக்கொண்டாள்.